கர்த்தர் நன்மையாகவே செய்வார் என்றால் என்ன?

கிறிஸ்தவக் குடும்பத்துத் துக்க வீட்டுக்குப் போயிருந்தால் இதைக் கேட்டிருப்பீர்கள்: "கர்த்தர் எது செஞ்சாலும் நன்மையாத்தான் செய்வார்." தலைகாட்டிவிட்டுப் போகிற தூரத்து உறவினர் சொன்னால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மகனைப் பறிகொடுத்த தாயே சொல்லும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வேறு சமயத்து நண்பர் திகைத்துப் போவார். பிள்ளை செத்ததில் என்ன நன்மை? மனசைத் தேற்றிக்கொள்ள ஒரு பேச்சா, நிஜமாகவே அப்படி நம்புகிறார்களா?

நிஜமாகவே நம்புகிறார்கள். ஆனால் அந்த வாக்கியத்தை வெளியிலிருந்து கேட்பவர் எடுத்துக்கொள்ளும் பொருள் பெரும்பாலும் தவறானது. சபைக்குள்ளேயே சிலர் அதைத் தவறாகத்தான் பயன்படுத்துகிறார்கள். சாவு நல்லது, நோய் நல்லது என்று கிறிஸ்தவம் சொல்வதில்லை. மரணத்தைக் "கடைசிச் சத்துரு" என்று அப்போஸ்தலனாகிய பவுல் எழுதுகிறார். சத்துருவை யாரும் நன்மை என்று அழைக்க மாட்டார்கள். 119ஆம் சங்கீதத்தில் ஒருவர் "நான் உபத்திரவப்பட்டது எனக்கு நல்லது" என்று பாடுவது உண்மைதான். பட்டவரே, பட்டு முடித்தபின், தன்னைப்பற்றிச் சொல்வது அது. இன்னொருவரைப் பார்த்து "நீ பட்டது உனக்கு நல்லது" என்று சொல்ல அந்த வசனத்தில் இடமில்லை.

அப்படியானால் நம்புவது எதை? வேதாகமத்தில் இதற்கு அடிப்படையான கதை யோசேப்பினுடையது. வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் கடைசிப் பதினான்கு அதிகாரங்களில் பெரும்பகுதி அதற்கே போகிறது. அப்பாவின் செல்லப்பிள்ளை, பதினேழு வயது. பொறாமை பிடித்த அண்ணன்மார் அவனைக் குழியில் தள்ளி, பிறகு எகிப்துக்குப் போகும் வியாபாரிகளிடம் விற்றுவிடுகிறார்கள். அங்கே அடிமை வாழ்வு, பொய்க்குற்றச்சாட்டு, சிறை, உதவி பெற்றவன் மறந்துபோனதால் மேலும் இரண்டு வருடம் அதே சிறை. முப்பதாவது வயதில்தான் எகிப்தின் ராஜாவான பார்வோனுக்கு முன்னால் நிற்கிறான், நாட்டின் அதிபதியாகிறான். வரப்போகிற பஞ்சத்துக்குத் தானியம் சேர்க்கிறான். பஞ்சம் வந்ததும் தானியம் வாங்க எகிப்துக்கு வந்து நிற்பவர்கள் அதே அண்ணன்மார். அவர்களுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை.

கதையின் முடிவில் அவன் சொல்லும் வாக்கியத்தை எல்லாப் பிரசங்கங்களும் மேற்கோள் காட்டும்: "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ, இப்பொழுது நடந்துவருகிறபடியே, வெகு ஜனங்களை உயிரோடே காக்கும்படிக்கு, அதை நன்மையாக முடியப்பண்ணினார்." முதல் பாதியைக் கவனியுங்கள். அண்ணன்மார் செய்தது தீமை என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். "நீங்கள் விற்றதும் நல்லதுக்குத்தான், விடுங்கள்" என்று பூசி மெழுகவில்லை. தீமை தீமையாகவே இருக்கிறது. அதைச் செய்தவர்களின் எண்ணம் ஒன்று, அதே சம்பவத்தின் வழியாகக் கடவுள் கொண்டிருந்த எண்ணம் வேறொன்று. கடவுளின் எண்ணம்தான் ஜெயித்தது. யோசேப்பு சொல்வது இவ்வளவே.

இதைச் சொல்லும்போது அவன் அரண்மனையில் இருக்கிறான் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். குழிக்குள் கிடந்தபோது அவன் என்ன செய்தான்? சம்பவம் நடக்கும் அதிகாரத்தில் அது எழுதப்படவில்லை. ஐந்து அதிகாரம் தள்ளி, அண்ணன்மார் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது தெரியவருகிறது: தம்பி கெஞ்சினான், அவன் பட்ட வியாகுலத்தைப் பார்த்தும் நாம் கேட்கவில்லை. அதாவது குழிக்குள் எந்தத் தத்துவமும் இல்லை, கதறல்தான் இருந்தது. அதற்காக யோசேப்பின் விசுவாசத்தை யாரும் குறைத்துப் பேசுவதில்லை.

புதிய ஏற்பாட்டில் இந்த நம்பிக்கையை ஒரே வரியில் சொல்லும் வசனம், பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தில் வரும் ரோமர் 8:28. தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறதென்று அறிந்திருக்கிறோம்." காலண்டரிலும் கல்யாணப் பத்திரிகையிலும் ஆட்டோவின் பின்கண்ணாடியிலும் பார்க்கிற வசனம். வேலை போனால் இதைவிட நல்ல வேலை, பஸ் தவறினால் அடுத்த பஸ்ஸில் உட்கார இடம் என்கிற அளவில் இது புழங்குகிறது. அடுத்த வசனத்தையும் படித்தால் அந்தக் கணக்கு நிற்காது. எந்த நன்மை என்று பவுல் அங்கேயே சொல்லிவிடுகிறார்: கிறிஸ்துவின் சாயலுக்கு ஒப்பாக மாறுவது. குணம், அன்பு, பொறுமை, கடைசியில் உயிர்த்தெழுதல் இவற்றைச் சேர்ந்த நன்மை அது. இன்னும் சில வரிகள் கடந்து உபத்திரவம், பசி, நிர்வாணம், நாசமோசம், பட்டயம் என்று ஒரு பட்டியல் போடுகிறார். இவை வராது என்று அவர் சொல்லவில்லை. இவை வந்தாலும் கிறிஸ்துவின் அன்பிலிருந்து நம்மைப் பிரிக்க முடியாது என்கிறார். பெரும்பாலானவற்றை அவரே அனுபவித்தவர். 2 கொரிந்தியர் 12ஆம் அதிகாரத்தில் அவரே சொல்கிறபடி, தன் உடம்பில் இருந்த ஒரு 'முள்' நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் மட்டும் கிடைத்தது. நோயாளியிடம் போய் "உனக்கு விசுவாசம் போதவில்லை, அதனால்தான் சுகமாகவில்லை" என்று சொல்கிற ஊழியர்கள் அந்த அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசித்தால் நல்லது.

"அப்படியென்றால் இது விதி, தலையெழுத்து என்பதுபோலத்தானே?" என்று நம் ஊரில் கட்டாயம் கேட்பார்கள். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும்; இரண்டுமே ஏற்றுக்கொள்ளச் சொல்வதுபோலத் தோன்றும். ஆனால் விதியோடு சண்டை போட முடியாது. அதற்கு முகமில்லை, காது இல்லை. கிறிஸ்தவர் தன் துன்பத்துக்குப் பின்னால் ஒரு தகப்பன் இருக்கிறார் என்று நம்புகிறார். தகப்பனிடம் கோபப்படலாம், ஏன் என்று கேட்கலாம், அவர் மடியில் அழலாம்.

வினைப்பயன் என்ற கேள்வியும் வேதாகமத்துக்குள்ளேயே நேரடியாக வருகிறது. பிறவிக் குருடன் ஒருவனைப் பார்த்ததும் சீடர்கள் இயேசுவிடம் கேட்பது, நம் தெருவில் இன்றைக்கும் கேட்கிற கேள்விதான்: இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம், இவன் செய்ததா, பெற்றவர்கள் செய்ததா? இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. லூக்கா 13இல் இன்னொன்று. எருசலேமில் சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்துப்போனார்கள். செத்தவர்கள் ஊரில் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதிலும் சொல்கிறார்.

இந்தப் பகுதியை வாசிக்கும்போது எனக்கு வேளாங்கண்ணி நினைவுக்கு வராமல் போகாது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமைக் காலை. திருவிழாக் காலத்துக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் பலர் கடற்கரையில் இருந்தார்கள். சுனாமி அவர்களை அள்ளிக்கொண்டு போனது. பேராலயத்துக்குச் சேதமில்லை. அதை அற்புதம் என்று சொல்லி மகிழ்ந்தவர்கள் உண்டு. நன்றி சொல்வதில் குற்றமில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை, கடற்கரையில் குழந்தையை இழந்த யாத்திரிகர் காதில் விழும்படி சொல்லிப் பார்த்தால் அதன் கனம் தெரியும். தப்பியவர் அதிகப் புண்ணியவான் இல்லை, மாண்டவர் அதிகப் பாவி இல்லை என்பதுதான் சீலோவாம் கோபுரத்தின் பாடம். யார் பிழைத்தார் என்பதை வைத்துக் கடவுளின் நல்லெண்ணத்தை அளக்க முடியாது.

ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் கட்டாயம் படிக்கவேண்டிய வேதாகமப் புத்தகம் யோபு. ஒரே நாளில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்தவர், பிறகு உடம்பெல்லாம் பருக்கள். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று முதல் அதிகாரத்தில் சொன்னது எல்லாருக்கும் தெரியும். மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறார் என்பதைப் பலர் கண்டுகொள்வதில்லை. எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று சிநேகிதர்கள் வருகிறார்கள். ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருக்கிறார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். வாய் திறந்ததும் கெட்டது. கடவுள் நீதியுள்ளவர், நீ கஷ்டப்படுகிறாய், ஆகவே நீ ஏதோ தப்பு செய்திருக்கிறாய் என்று முப்பது அதிகாரங்களுக்கு நெருக்கமாக வாதம் நீள்கிறது. யோபு ஒப்புக்கொள்ளவில்லை. "அவர் என்னைக் கொன்றுபோட்டாலும், அவர்மேல் நம்பிக்கையாயிருப்பேன்" என்கிறார். அதே மூச்சில், என் பக்கத்து நியாயத்தை அவருக்கு முன்னால் எடுத்து வைப்பேன் என்கிறார். நம்பிக்கையும் வழக்காடுதலும் ஒரே வசனத்தில் இருக்கின்றன.

கடைசியில் பெருங்காற்றிலிருந்து கடவுள் பேசுகிறார். ஆச்சரியம் என்னவென்றால் காரணத்தைச் சொல்லவே இல்லை. முதல் இரண்டு அதிகாரங்களில் பரலோகத்தில் சாத்தானோடு நடந்த உரையாடல் வாசகருக்குத் தெரியும், யோபுவுக்குக் கடைசிவரை தெரியாது. நான் பூமியை அஸ்திபாரப்படுத்தினபோது நீ எங்கே இருந்தாய் என்று கேட்கிறார் கடவுள். இது பதிலா என்று கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்; கோபம் நியாயமானதும்கூட. ஆனால் தீர்ப்பைப் பாருங்கள். கடவுளின் கோபம் திரும்புவது, கடவுளுக்காக வக்காலத்து வாங்கிய சிநேகிதர்கள்மேல். யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைப்பற்றி நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். புலம்பியவன் சரி, விளக்கம் சொன்னவர்கள் தப்பு.

ஆகவே விசுவாசிகள் அழக்கூடாது, கேள்வி கேட்கக்கூடாது என்று சபைகளில் யாராவது சொன்னால் அதற்கு வேத ஆதாரம் கிடையாது. 150 சங்கீதங்களில் கணிசமானவை புலம்பல்கள். பெரும்பாலானவை ஏதோ ஒரு நம்பிக்கை வரியில் முடியும். 88ஆம் சங்கீதம் அப்படிக்கூட முடியாது. நண்பர்கள் விலகிப்போனார்கள் என்ற முறையீட்டோடு அப்படியே நின்றுவிடும். அதையும் ஜெபமாகவே வேதாகமத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

காரணம் சொல்லாத கடவுளை நல்லவர் என்று எதை வைத்து நம்புவது? மேலே சொன்ன எல்லாமும் வந்து நிற்கிற கேள்வி இது. கிறிஸ்தவர் சிலுவையைக் காட்டுவார். கடவுள் மனிதனாகி, துன்பத்தைத் தூரத்திலிருந்து நிர்வகிக்காமல் அதற்குள்ளேயே வந்தார் என்பது கிறிஸ்தவத்தின் மையமான நம்பிக்கை. செத்துப்போன நண்பன் லாசரு உயிரோடு வரப்போகிறான் என்று தெரிந்தும் இயேசு அவன் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில், இந்தத் துன்பத்தின் பாத்திரம் நீங்கக்கூடாதா என்று வேண்டினார். பிறகுதான் உம்முடைய சித்தம் ஆகக்கடவது என்றார். "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று சிலுவையில் கதறியது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. ஆக, 'ஏன்' என்ற கேள்வியைக் கடவுளின் குமாரனே கேட்டிருக்கிறார்.

இயேசு சிலுவையில் இறந்த அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் சீடர்களிடம் போய் இதில் என்ன நன்மை என்று கேட்டிருந்தால் ஒருவருக்கும் பதில் தெரிந்திருக்காது. அநியாயத் தீர்ப்பு, காட்டிக்கொடுத்த சீடன், கைகழுவிய அதிகாரி. நடந்ததெல்லாம் அப்பட்டமான தீமை. அதே சம்பவம்தான் உலகத்துக்கு மீட்பு என்று, அவர் உயிர்த்தெழுந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தெரிந்தது. யோசேப்பின் வாக்கியம் இங்கே முழு அளவில் நடந்தேறுகிறது என்று சபை வாசிக்கிறது. மிக மோசமான தீமையையே இப்படி முடியப்பண்ணியவர் என் வீட்டுத் துயரத்தையும் வீணாக விடமாட்டார் என்பதுதான் அந்தத் தாயின் வாக்கியத்துக்குள் இருக்கும் வாதம். எப்படி, எப்போது என்று அந்தத் தாய்க்குத் தெரியாது. இந்த ஆயுளிலேயே தெரியும் என்ற உத்தரவாதமும் இல்லை.

துன்பத்துக்குப் பயன் உண்டு என்று காட்டும் விளக்கங்களும் புழக்கத்தில் உள்ளன. அவற்றை முழுவதும் தள்ளவேண்டியதில்லை. கொல்லிமலையில் பிறந்து, வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளுக்குக் கை அறுவை சிகிச்சைகள் செய்த மருத்துவர் பால் பிராண்ட், விரல்கள் அழிவதற்கு முக்கியக் காரணம் வலி தெரியாமல்போவதுதான் என்று கண்டறிந்தார். சுடுகிற பாத்திரத்தைப் பிடித்தாலும் உறைக்காது, காயம் பட்டாலும் கவனிக்க மாட்டார்கள். ஆகவே வலி கடவுள் தந்த கொடை என்று எழுதினார். உடம்பின் வலியைப்பற்றி இது அருமையான உண்மை. இதையே பிடித்துக்கொண்டு குழந்தையின் ரத்தப் புற்றுநோய்க்கும் விளக்கம் சொல்லப் போனால் எலிப்பாஸின் வரிசையில் போய் நிற்போம். பிராண்டின் தகப்பனாரும் 1929இல் அதே மலையில் காய்ச்சலில் இறந்தவர். பால் அப்போது இங்கிலாந்தில் பள்ளி மாணவர். கணவரை அங்கே புதைத்த தாய் எவலின், வயதான காலத்திலும் மலைகளுக்கே திரும்பி வந்து தொண்ணூறு வயது தாண்டியும் ஊழியம் செய்தார்.

இந்த நம்பிக்கை ஒரு வாழ்க்கையில் எப்படி இருக்கும் என்று பார்க்க டோனாவூருக்குப் போகலாம். அயர்லாந்தில் 1867இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்தார். திருநெல்வேலிச் சீமையில் தங்கி, கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த சிறுமிகளுக்கும் மற்றக் குழந்தைகளுக்கும் டோனாவூரில் ஒரு வீடு அமைத்தார். பிள்ளைகளுக்கு அவர் அம்மா. 1931 அக்டோபரில் ஒருநாள், பக்கத்துக் களக்காட்டில் வேலை நடந்துகொண்டிருந்த வீட்டைப் பார்க்கப் போனபோது, மங்கிய வெளிச்சத்தில் அங்கே தோண்டியிருந்த குழி தெரியாமல் விழுந்தார். கால் முறிந்தது. அன்று காலையில்தான், என் பிள்ளைகளுக்கு உதவ என்னைத் தகுதியாக்க எதை வேண்டுமானாலும் செய்யும் என்று ஜெபித்திருந்தாராம். ஆறிவிடும் என்றிருந்தது ஆறவில்லை, வேறு நோய்களும் சேர்ந்துகொண்டன. 1951 ஜனவரியில் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருடம் பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே வாழ்ந்தார்.

சுகத்துக்காக அங்கே எல்லாரும் ஜெபித்தார்கள். சுகம் கிடைக்கவில்லை. படுக்கையில் இருந்தபடியே பத்துக்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார். அவற்றில் ஒன்று நோயாளிக்கு நோயாளி எழுதுவதாக அமைந்தது. நல்ல சுகத்தோடு இருப்பவர்கள் நோயாளிகளுக்கென்று எழுதித் தருகிற ஆறுதல் துண்டுப்பிரதிகள் தனக்குள் இறங்கவில்லை என்று அதில் வெளிப்படையாகச் சொல்லியிருப்பார். நூல்கள் பலருக்கு ஆறுதலானது உண்மைதான். அதற்காகத்தான் கால் முறிந்தது என்று கணக்கை நேராக்க நான் முயலமாட்டேன். கால் முறிந்த பிறகும் அவர் கடவுளை நல்லவர் என்றே பேசினார், வலியை வலி என்றே எழுதினார்.

இன்னொன்றும் அவரிடம் கவனிக்கவேண்டும். தன் படுக்கையை ஏற்றுக்கொண்ட அதே பெண், சிறுமிகளின் நிலையைக் கடவுள் சித்தம் என்று ஏற்கவில்லை. எதிர்ப்பையும் வழக்கையும் சந்தித்து அவர்களைக் காப்பாற்றினார். குடித்துவிட்டு அடிக்கிற கணவனிடம் "சிலுவையைச் சுமக்கணும்மா" என்று திருப்பி அனுப்புகிற பெரியவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியவேண்டும். நீக்கக்கூடிய துன்பத்தை நீக்குவதுதான் கடவுள் சித்தம். இயேசு எந்த நோயாளியிடமும் இப்படியே இரு, நல்லதுக்குத்தான் என்று சொன்னதில்லை. அடிபடுகிற பெண்ணுக்குப் போலீஸ் உண்டு, நோயாளிக்கு மருத்துவர் உண்டு. இவர்களிடம் போவது விசுவாசக் குறைவாகாது. மிஷன் ஆஸ்பத்திரிகளைக் கட்டியவர்கள் இதே விசுவாசத்தில்தான் கட்டினார்கள்.

துன்பத்தைக் கடவுளே அனுப்புகிறாரா, அனுமதிக்க மட்டும் செய்கிறாரா என்பதில் கிறிஸ்தவர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. 1563இல் வெளியான, சீர்திருத்த சபைகளின் போதனை நூலான ஹைடல்பெர்க் வினாவிடை, மழையும் வறட்சியும், சுகமும் நோயும் எல்லாமே தகப்பனுடைய கரத்திலிருந்து வருகின்றன என்று துணிந்து சொல்கிறது. மனிதருக்குத் தந்த சுதந்திரத்தை மதித்துக் கடவுள் பலவற்றை அனுமதிக்கிறார், அவர் விரும்பியவை அல்ல அவை என்று சொல்லும் மரபுகளும் உண்டு. கத்தோலிக்கர்கள் தங்கள் பாடுகளைக் கிறிஸ்துவின் பாடுகளோடு சேர்த்துப் பிறருக்காக ஒப்புக்கொடுப்பார்கள். புராட்டஸ்டன்ட் சபைகளில் இந்தப் பழக்கம் பெரும்பாலும் இல்லை. தொடக்க வாசகர் இதில் இப்போதே ஒரு பக்கம் சேரவேண்டிய அவசியமில்லை.

வேதாகமத்தில் நேரடியாகப் படித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் ஆதியாகமம் 37, பிறகு 39 முதல் 50 வரை ஒரே மூச்சில் வாசிக்கலாம், நல்ல நாவல்போல ஓடும். யோபுவில் முதல் மூன்று அதிகாரங்களும் 38 முதல் 42 வரையும் போதும். நடுப்பகுதி பொறுமையைச் சோதிக்கும், பிறகு வாசித்துக்கொள்ளலாம். ரோமர் 8ஐ 28ஆம் வசனத்தில் தொடங்காமல் 18இலிருந்து தொடங்குங்கள். தானியேல் 3இல், எரிகிற சூளைக்கு முன்னால் நிற்கும் மூன்று வாலிபர்கள் ராஜாவிடம் பேசுவதையும் விட்டுவிடாதீர்கள். எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்று சொல்லிவிட்டு, "விடுவிக்காமற்போனாலும்" என்று தொடர்வார்கள்.